வெடிக்கார ராசாங்கமும் வால்நட்சத்திரக் கலமும்

கீழப்பழுவூர்ப் பக்கத்தில் ராசாங்கம் என்று சொன்னால் எந்த ராசாங்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். வெடிக்கார ராசாங்கம் என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அரியலூர் போகும் வழியில் இருந்த ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை அவருக்கு. அப்பனும் ஆத்தாளும் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவரும் இருபது வயது வரை அதைத்தான் செய்தார். சுரங்கத்தில் கல் உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். கை நடுங்காது, குடிப்பழக்கம் கிடையாது, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பும் உண்டு. அதனால் பழைய வெடிக்காரர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடம் இவருக்கு வந்தது. பரீட்சைக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கினார். அவர் தெருவில் சான்றிதழ் வைத்துக்கொண்டு வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான்.

வெடி வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. பாறையில் துளை போட்டு, மருந்தை இட்டு, திரி வைத்து முடித்ததும் முதல் விசில். அதைக் கேட்டதும் ஆட்கள் எல்லாரும் கடப்பாரை கூடையோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கீழே ஒருத்தரும் இல்லை என்று பார்த்துவிட்டு இரண்டாவது விசில். அதற்குப் பிறகுதான் திரியில் நெருப்பு வைக்கலாம். முதல் விசிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கும். மறந்துவிட்டு வந்த தூக்குவாளியைப் போய் எடுத்துக்கொண்டு வருகிற அளவுக்கு நேரம்.

1978 ஐப்பசியில் ஒரு மத்தியானம். இருபத்தேழு துளைகளில் மருந்து இட்டாயிற்று. வடகிழக்கில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் அத்தனை மருந்தும் நனைந்து பாழ். அரியலூர் ஸ்டேஷனில் வேகன்கள் காத்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லி மேனேஜர் அரங்கநாதன் மேட்டிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ராசாங்கம் முதல் விசிலை ஊதினார். ஆட்கள் ஏறினார்கள். முதல் தூறல் அவர் புறங்கையில் விழுந்தது. அவர் கீழே ஒரு பார்வை பார்த்தார். யாரும் தெரியவில்லை. இரண்டாவது விசிலை ஊதாமல் திரியைக் கொளுத்திவிட்டார்.

கீழே பாவாடை என்கிறவன் இருந்தான். கல் உடைக்கிற ஆள். ராசாங்கத்தின் சித்தப்பா மகள் ஆண்டாயியைக் கட்டியவன். பாறை மறைவில் விட்டுவிட்டு வந்த தூக்குவாளியை எடுக்கத் திரும்பிப் போயிருந்தான். இரண்டாவது விசில் வரும் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நம்பிப் போனவன். வெடித்த பாறையின் சில்லுகள் அவன் முகத்தில் பாய்ந்தன. திருச்சி பெரியாஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தான். உயிர் பிழைத்தது. இரண்டு கண்ணும் போயிற்று.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முதல் நாள் மேனேஜர் ராசாங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எத்தனை விசில் ஊதினே?"

"ஒண்ணுதாங்க."

"ரெண்டுன்னு சொல்லு. ஒண்ணுன்னு சொன்னா நீ ஜெயிலுக்குப் போவே. சுரங்கத்தையும் மூடிடுவாங்க. இருநூறு குடும்பம் தெருவுல நிக்கும். அவனுக்குக் கண்ணு திரும்பி வரப் போவுதா?"

மறுநாள் ராசாங்கம் இரண்டு என்று சொன்னார். மேட்டில் நின்றவர்களிடமும் கேட்டார்கள். மேனேஜர் அவர்களையும் ஏற்கெனவே பார்த்துப் பேசியிருந்தார். ஒருத்தர் பாக்கியில்லாமல் இரண்டு விசில் கேட்டதாகச் சொன்னார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அதற்குப் பிறகு ராசாங்கம் பாவாடை வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒரே தெரு, இடையில் ஒன்பது வீடு. ஆனாலும் வேலைக்குப் போக மேலண்டைச் சந்து வழியாகச் சுற்றிப் போனார். பாவாடைக்கு உண்மை தெரியும், சொந்தத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று அவர் நினைத்தார். அவர் மனைவி வேம்பு ஆரம்பத்தில் இரண்டொரு தடவை, "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சுரங்கத்திலோ அவருக்கு நல்ல பெயர் வளர்ந்தது. இரண்டாவது விசிலை ஊதிவிட்டும் நூறு எண்ணிய பிறகே திரியைத் தொடுகிற மனிதர் என்று புதிதாக வந்தவர்களிடம் சொன்னார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. 1985 மழைக்காலம் முடிந்த சமயத்தில் சின்னப்பராஜ் என்கிற வாத்தியார் சுரங்கத்துக்கு வர ஆரம்பித்தார். வரதராஜன்பேட்டைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். அந்தப் பாறையில் பழைய காலத்து நத்தை ஓடுகள் கல்லாகிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். வெடித்த இடத்தில் எது உறுதியான பாறை, எது சரியும் என்று ராசாங்கம் காட்டிக் கொடுப்பார். இருவரும் பழகிவிட்டார்கள்.

அந்தச் சமயம் ஊரெல்லாம் வால்நட்சத்திரப் பேச்சாக இருந்தது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது, அது வந்தால் நாட்டுக்கு ஆகாது, தை மாசக் கல்யாணங்களைத் தள்ளிப் போடுவது நல்லது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ராசாங்கம் இதைப் பற்றி வாத்தியாரிடம் கேட்டார்.

சின்னப்பராஜ் சிரித்தார். "நாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. ஆனா ஒரு சமாசாரம் இருக்கு. ஐரோப்பாக்காரங்க அதைக் கிட்டப் போய்ப் பாக்க ஒரு விண்கலம் அனுப்பியிருக்காங்க. ஜியோட்டோன்னு பேரு. ஆடி பொறக்குறதுக்கு முந்தியே கெளம்பிடுச்சு. மார்ச் மாசம் போய்ச் சேரும்."

"அவ்வளவு கிட்டப் போயி என்னா சார் பாக்குறது?"

"நமக்குத் தெரியறது வாலும் வெளிச்சமும்தான். அதெல்லாம் நடுவுல இருக்குற ஒரு கட்டியிலேருந்து கெளம்புது. அந்தக் கட்டியை இதுவரைக்கும் ஒரு மனுஷனும் பாத்ததில்ல. ஐஸா, கல்லா, எப்படி இருக்கும்னு தெரியாது. அறுநூறு கிலோமீட்டர் பக்கத்துல போயி படம் எடுக்கப் போவுது."

"போனா ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணும். கட்டியைச் சுத்தித் தூசியும் கல்லும் பறந்துகிட்டே இருக்கும். கலம் செகண்டுக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்துல அதுக்குள்ள பாயுது. அரிசி மணி அளவு தூசி பட்டாலும் போச்சு. பிழைச்சு வெளிய வருமான்னு அனுப்பினவங்களுக்கே நிச்சயம் இல்ல."

ராசாங்கம் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார். "கல்லு பறக்குற எடம்னு தெரிஞ்சேவா அனுப்புறாங்க?"

"தெரிஞ்சேதான். ஆனா அதுல ஆள் கிடையாது, மெஷின்தான். முன்னாடி ஒரு கேடயமும் வச்சிருக்காங்க."

அந்தக் கேடயத்தைப் பற்றி ராசாங்கம் அன்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாத்தியார் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். முன்னால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி விட்டு, பின்னால் செயற்கை நாரால் செய்த கனமான தட்டு. முதல் தகட்டில் மோதுகிற தூசி உடைந்து ஆவியாகிப் பரவிவிடும். மிச்சத்தைப் பின்னால் உள்ள தட்டு தாங்கிக்கொள்ளும்.

அன்றிலிருந்து ராசாங்கத்துக்கு அதே நினைப்பாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கலம் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்பார். தார் டிரம்மை வெட்டி விரித்தால் முதல் தகடு ஆயிற்று, சாக்கில் மணல் அடைத்தால் இரண்டாவது தட்டு ஆயிற்று என்று கணக்குப் போட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கொட்டகை வரைந்தார். குழிக்குள்ளேயே ஆங்காங்கே நான்கு கொட்டகை போட்டுவிட்டால், தவறிப்போய் யாராவது கீழே தங்கிவிட்டாலும் அதற்குள் ஓடிப் பதுங்கிக்கொள்ளலாம். மாசி மாதம் ஒரு ஞாயிறு அந்தத் தாளை வாத்தியாரிடம் நீட்டினார்.

சின்னப்பராஜ் அதை வெகுநேரம் பார்த்தார். பொய்யாகப் பாராட்ட அவருக்கு வரவில்லை. "அண்ணே, மனசுல வருத்தப்படக் கூடாது. அந்தக் கேடயம் வேலை செய்யறது அந்த வேகத்தாலதான். தூசி அந்த வேகத்துல மோதுறதாலதான் ஆவியாவுது. உங்க கல்லு மெதுவா வர்ற கல்லு, ஆனா கனம். டிரம் தகட்டைக் கிழிச்சுகிட்டு வரும். மேல இருந்து விழுந்தா கொட்டகையே உட்காந்துடும்."

"அப்ப இந்தக் கல்லுக்கு என்னா சார் வழி?"

"ஆளு அந்த எடத்துல இல்லாம இருக்கறதுதாண்ணே. வேற என்ன வழி இருக்கு? அதுக்குத்தானே நீங்க விசில் ஊதுறீங்க."

ராசாங்கம் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மார்ச் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை. நம் ஊர்க் கணக்குக்கு விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் கலம் வால்நட்சத்திரத்தை நெருங்கும் என்று வாத்தியார் சொல்லி வைத்திருந்தார். ராசாங்கம் அன்றைய வெடியை முடித்துவிட்டு, சாயங்காலம் சைக்கிளை மிதித்து அரியலூருக்குப் போனார். வாத்தியார் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். தவக்காலத்து வெள்ளி. சிலுவைப்பாதை ஜெபத்துக்கு மாதா கோயிலுக்குக் கிளம்பி நின்றவர், இவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ரேடியோவில் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

"போயிடுச்சுண்ணே. கட்டியைப் பாத்துட்டாங்க. பதினஞ்சு கிலோமீட்டர் நீளமாம். கரியை விடக் கறுப்பாம். வெள்ளையா ஐஸ் உருண்டையா இருக்கும்னு நெனச்சவங்க எல்லாம் வாயடைச்சுப் போயிட்டாங்க."

"கலம் தப்பிச்சுதா சார்?"

"ரொம்பக் கிட்டப் போறதுக்குச் சில செகண்டுதான் பாக்கி. அப்ப ஒரு துண்டு வந்து அடிச்சிருக்கு. ஒரு கிராம்தான் இருக்குமாம். கலமே ஆடிப் போயி சிக்னல் நின்னுடுச்சு. முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருக்காங்க. அப்புறம் அரை மணி நேரம் விட்டு விட்டு வந்து, சரியாயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் படம் வரல. அதோட கண்ணு போயிருக்கும்னு சந்தேகப்படுறாங்க."

ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் அதைக் கவனிக்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். ரஷ்யாக்காரர்களின் இரண்டு கலங்கள் ஒரு வாரம் முன்னால் போய், கட்டி இருக்கிற இடத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் இதைக் குறி தவறாமல் அனுப்ப முடிந்தது என்றார். "ஒருத்தருக்கொருத்தர் ஆகாத நாடுங்க. இருந்தாலும் இதுல ஒரு தகவலையும் மறைக்கல பாருங்க. கலம் அடிபடும்னு முன்னாடியே உலகத்துக்கே சொன்னாங்க. அடிபட்டதும் உடனே சொல்லிட்டாங்க."

"சார்" என்றார் ராசாங்கம். "நான் அன்னிக்கு ஒரு விசில்தான் ஊதினேன்."

வாத்தியாருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ராசாங்கம் மேகத்திலிருந்து தொடங்கி அறிக்கை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது குரல் உயரவில்லை, அழவும் இல்லை. வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்தது. சின்னப்பராஜ் கோயிலுக்குப் போகவில்லை.

கடைசியில் வாத்தியார் கேட்டார். "இதை அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவனுக்குத் தெரியும் சார். அவன் காதால கேட்டவன்தானே."

"தெரிஞ்சிருந்தாலும் நீங்க சொன்னதில்லையே."

இரண்டு நாள் கழித்து, ஞாயிறு காலையில், ராசாங்கம் சந்து வழியாகச் சுற்றாமல் தெருவோடு நடந்து பாவாடை வீட்டுக்குப் போனார். பாவாடை உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"யாரு?"

"நான்தான் மாப்ள. ராசாங்கம்."

"மச்சானா." அவன் முகம் மலர்ந்தது. "ஆண்டாயி, அண்ணன் வந்திருக்காரு பாரு. தண்ணி குடு."

ஆண்டாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

பாவாடை பேச ஆரம்பித்தான். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல மச்சான். எம்மேலதான் நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன். என் புத்தி கெட்டதனம்தானே உங்களை விசாரணை வரைக்கும் இழுத்துச்சு. அந்த வெக்கத்துலதான் ஆளு விட்டுக் கூப்பிடாம இருந்தேன்."

"என்னா மாப்ள சொல்றே?"

"ரெண்டாவது விசில் எங்காதுல விழுவல மச்சான். மேட்டுல நின்ன அத்தனை பேருக்கும் விழுந்திருக்கு, எனக்கு மட்டும் விழுவல. காது அப்பவே கெட்டுப் போயிருக்கு, நான்தான் கவனிக்காம இருந்திருக்கேன். ஆஸ்பத்திரியில பாத்துட்டுக் காது நல்லாத்தான் இருக்குன்னாங்க. நான் நம்பல. கண்ணு இல்லாதவனுக்குக் காதுதான் எல்லாம். அந்தக் காதையும் நம்ப முடியாதுன்னா எங்க போறது? இந்த வாசலைத் தாண்டி நான் தனியா போனதே இல்ல. லாரி வந்தா கேக்குமோ கேக்காதோ."

ராசாங்கம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் கலைந்து போயின. இவன் உண்மை தெரிந்து பொறுத்துக்கொண்டிருக்கிறான் என்றல்லவா ஏழு வருஷமாக எண்ணியிருந்தார்.

"மாப்ள, ரெண்டாவது விசிலை நான் ஊதவே இல்ல."

பாவாடை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"மழை வந்துடும்னு அவசரப்பட்டுக் கொளுத்திட்டேன். விசாரணையில ரெண்டுன்னு பொய் சொன்னேன். மத்தவங்களும் பயந்துகிட்டுச் சொன்னாங்க. உன் காதுல ஒண்ணும் இல்ல. தப்பெல்லாம் என்னுது."

அடுப்படி வாசலில் நின்ற ஆண்டாயி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பாவாடை இரண்டு கைகளையும் தூக்கிக் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப என் காது நல்ல காதுதானா மச்சான்?"

"நல்ல காதுதான் மாப்ள."

பிறகு ஆண்டாயி பேசினாள். "ஏழு வருசமா இந்த மனுசனைச் செவிட்டு மாடு, செவிட்டு மாடுன்னு திட்டியிருக்கேன். சாப்பாடு போடும்போது திட்டியிருக்கேன். புள்ளைங்க முன்னாடி திட்டியிருக்கேன். அது ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. அத்தனையும் நான் இப்ப எங்க போயி அள்ளிக்குவேன்?" அவள் அவரைப் பார்க்கவில்லை. "எழுந்திருச்சுப் போங்கண்ணே."

ராசாங்கம் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். பாவாடை அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் வாத்தியாரின் உதவியோடு, நடந்ததை எழுதிச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினார். அரங்கநாதன் அதற்குள் ஓய்வு பெற்று ஊரைவிட்டே போயிருந்தார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோப்பு பழையது, அதைத் திறக்க வழியில்லை என்று ஒரு வரி. பொய் சாட்சி சொன்னதற்காக ராசாங்கத்தின் சான்றிதழ் ரத்து செய்யப்படுகிறது என்று இன்னொரு வரி. மேட்டில் நின்று சாட்சி சொன்ன மற்றவர்களுக்கு அவர்மேல் கோபம். ஆறிப் போனதைக் கிளறிவிட்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அவர் ஸ்டேஷனில் வேகனுக்குக் கல் ஏற்றுகிற வேலைக்குப் போனார். வேம்பு மட்டும், "இப்பதான் தூங்குறீங்க" என்றாள்.

பாவாடை வெளியே வந்தான். முதலில் வாசல் வரைக்கும், பிறகு தெருமுனை வரைக்கும். ஆவணி பிறக்கும்போது கைத்தடியோடு தனியாகக் கடைவீதிக்கு வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினான். வருகிற வண்டி பஸ்ஸா லாரியா என்று மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ராசாங்கம் எதிரில் வந்தால் காலடிச் சத்தத்திலேயே கண்டுகொள்வான். நடையை நிறுத்துவான். அவர் கடந்து போகும் வரைக்கும் அப்படியே நின்றுவிட்டு, பிறகு நடப்பான். ஒரு வார்த்தை வராது.

1988இல் பாவாடையின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் முறைக்கு ராசாங்கம்தான் நின்றிருக்க வேண்டும். ஆண்டாயி பாடாலூரில் இருந்த வேறொரு பங்காளி வீட்டு அண்ணனை வரவழைத்து நிற்க வைத்தாள். ராசாங்கம் வீட்டுக்கு அழைப்புப் பாக்கு வரவில்லை. வேம்பு எடுத்து வைத்திருந்த புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வருஷக் கடைசியில் ராசாங்கம் ஒரு வேலையாகப் பெரம்பலூருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் சின்னப்பராஜைப் பார்த்தார். வாத்தியாருக்கு அங்கே மாற்றலாகியிருந்தது. இருவரும் டீக்கடையில் நின்று பேசினார்கள். கல்யாணத்துக்கு அழைப்பு வராததைக் கேட்டு வாத்தியாருக்குச் சங்கடமாக இருந்தது. நான்தான் தூண்டிவிட்டேனோ என்று ரொம்ப நாளாக ஒரு உறுத்தல் என்று சொன்னார்.

"அட, அப்படியெல்லாம் இல்ல சார்" என்றார் ராசாங்கம். "சொன்னதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவன் இப்ப ரோட்டுல தனியா நடக்குறான். ஒரு ஆளு கையைப் பிடிக்காம டீக்கடைக்கு வர்றான். நான் விசாரணை அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா அப்பவே நடந்திருப்பான். ஏழு வருசம் அவனைக் கட்டில்ல உக்கார வச்சது அந்தக் கல்லு இல்ல சார்."

அரியலூர் பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இல்லை. ராசாங்கம் டீக் கிளாசைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாத்தியாரிடம் வரேன் சார் என்று சொல்லிப் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.